மலையூர் வாசல் வரைக்கும்

அந்தக் கைக்குட்டைய இறுக்கிப் பிடிச்சுக்கிடுங்க யம்மா. மடியில சும்மா வச்சா நழுவிரும். அதுல ஒரு செயினு, ரெண்டு கம்மலு, பெறவு சின்னதா ஒரு வெள்ளிச் சாமான் இருக்கு. வெள்ளிச் சாமான்தான் முக்கியம். செயினு போனாக்கூட எங்க மதினி ஒண்ணும் சொல்ல மாட்டாவ.

நீங்க யாரு எவருன்னு அவியளுக்குத் தெரியாது. உங்க வீட்டுக்காரருக்குக் கண்ணுல புரை எடுக்க வந்திருக்கிய, பக்கத்து நாற்காலியில உக்காந்திருக்கிய, அவ்வளவுதான். சொந்தக் கொழுந்தன் நான் இங்கன குத்துக்கல்லு மாதிரி இருக்கேன். மதினிய ஆப்பரேசனுக்குக் கூப்பிட நர்ஸம்மா வந்து, நகையக் கழத்தி உங்க ஆளுகிட்ட குடுங்கன்னு சொன்னதும் நான் கைய நீட்டுனேன். நீங்களும் பாத்திய. அவிய என் கையத் தாண்டி உங்க கையத் தடவிக் கண்டுபிடிச்சு, "யம்மா, இத வச்சிருக்கியளா? நான் வெளிய வந்ததும் என் கையிலயே குடுங்க"ன்னு குடுத்துட்டு உள்ள போயிட்டாவ. உங்க பேரக்கூடக் கேக்கல.

நாலு பேரு பாத்துட்டாவ. எனக்கு மொகம் செத்துப்போச்சு. நீங்க என்னைய நகையத் தூக்கிட்டு ஓடுத ஆளுன்னு நெனச்சிரக் கூடாது, அதுக்குத்தான் சொல்லுதேன். எம்பேரு செவஸ்தியான். முப்பத்திரெண்டு வருசம் தூத்துக்குடி ஹார்பர்ல ஸ்டோர்கீப்பரா இருந்தேன். குடோன்ல ஒரு ஆணி கொறஞ்சதுன்னு ஒருத்தன் என்னையப் பாத்துச் சொன்னதில்ல. எங்கிட்ட ஒரு பொருளக் குடுத்தா அது போய்ச் சேர வேண்டிய எடத்துக்குப் போய்ச் சேரும்.

ஒரே ஒரு பொருளு போவல. அது இப்ப உங்க கையில இருக்கு.

பிரிச்சுப் பாக்காதீங்க. நானே சொல்லுதேன். கண்மலரு. வெள்ளித் தகட்டுல ரெண்டு கண்ணு. நீங்க கோயிலுக்கு நேந்துக்கிட்டு வாங்கிப் போடுவிய இல்லையா, நாங்க வேதக்காரங்களும் அதத்தான் செய்வோம். கண்ணுக்கு எங்களுக்கு லூசியம்மா. அவ ஒரு புனிதை. கையில ஒரு தட்டு வச்சிருப்பா, தட்டுல ரெண்டு கண்ணு இருக்கும். எங்க அண்ணன் சாவுறதுக்கு மின்ன ஆசாரிகிட்டச் சொல்லிச் செஞ்சு வாங்குனது இது. பின்பக்கம் ஆணியால 'எ'ன்னு கீறி வச்சிருப்பான். மதினி பேரு எமல்டா.

மதினிக்கு உங்க வீட்டுக்காரர் மாதிரி புரை இல்ல யம்மா. புரைய எடுத்தா மறுநா பளிச்சுன்னு ஆயிரும். இது கண்ணுல பிரஷரு. போன பார்வ திரும்ப வராது, மிச்சம் இருக்கதத்தான் காப்பாத்தலாம். வலது கண்ணு அண்ணன் இருக்கும்போதே போச்சு. எடது கண்ணத்தான் இப்ப உள்ள செய்யுதாவ. எட்டு மாசத்துக்கு மின்ன வந்திருந்தா பாதிக்கு மேல நின்னிருக்கும்னு டாக்டரு சொன்னாரு. இப்ப ஒரு கொழாய்க்குள்ள பாக்க மாதிரி நடுவுல கொஞ்சம்தான் தெரியுதாம். அந்த எட்டு மாசமும் என்னாலதான் போச்சு.

எங்க கோயில் பாதரு, பங்குச்சாமி பெனோ சாமி, போன செப்டம்பர்ல இத்தாலிக்கு யாத்திர கூட்டிட்டுப் போனாரு. முப்பத்தியேழு பேரு. அதுல ஒருநா, லூசியம்மா கோயில் இருக்க ஒரு பழைய ஊரு. மலை உச்சியில, எழுநூறு எண்ணூறு வருசத்துக்கு மின்ன கட்டுனதாம். பேரு மோந்தேன்னு ஆரம்பிக்கும், மிச்சம் எங்க யாரு வாயிலயும் நொழையல. மலையூருன்னே சொன்னோம். அண்ணனும் மதினியும் அந்த ஒரு ஊருக்காவத்தான் பேரு குடுத்திருந்தாவ. இடையில அண்ணன் போயிட்டான்.

மதினி தனியாவாவது போவணும்னாவ. நான்தான் வேண்டாம்னேன். நல்லதுக்குத்தான் சொன்னேன் யம்மா. மலை, படிக்கட்டு, தெரியாத ஊரு. ஒரு கண்ணு இல்ல, இன்னொரு கண்ணு பாதி. "நீங்க போயி என்னத்த மதினி பாக்கப் போறிய?"ன்னு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பெறவு, "நீங்க போயிட்டு வாங்க தம்பி, நீங்க பாத்தா நான் பாத்த மாதிரி"ன்னாவ. எனக்கும் இத்தாலி பாக்கணும்னு ஆச இல்லன்னு சொன்னா அது பொய்யி.

பெனோ சாமி எங்கிட்ட, மலையூரு பூசையில பைபிள்ல இருந்து மொத வாசகம் நீருதான் வாசிக்கணும்னு சொல்லியிருந்தாரு. இருபது நாளு பயிற்சி எடுத்தேன். தெனம் சாயங்காலம் மதினி முன்னால நின்னு வாசிப்பேன். அவிய கண்ண மூடிக் கேட்டுட்டு, "'ழ'வ முழுங்கிட்டிய, திரும்ப வாசிங்க"ம்பாவ. கடைசியில எனக்கு மின்ன அவியளுக்கு மனப்பாடம் ஆயிட்டு. கெளம்புத அன்னைக்கி இந்தக் கண்மலர ஒரு பஞ்சுல சுத்தி என் சட்டப்பையில வச்சு, பைய பின்னு குத்தி விட்டாவ. "நீங்க வாசிக்கிற நேரம் நான் இங்கன முழந்தாப்படியிட்டு இருப்பேன். அங்க ரெண்டு மணின்னா இங்க அஞ்சரை"ன்னாவ. மூட்டு வலிக்காரி.

மலையூரு அடிவாரத்துல பஸ்ஸ நிப்பாட்டிட்டான். மேல வண்டி போவாது. அண்ணாந்து பாத்தா உச்சி பூரா கல்லுக் கட்டடம். வீட்டு மேல வீடு, அதுக்கு மேல வீடு. சுத்திலும் மதிலு. நடுவுல ஒரு கோபுரம். நல்லாத்தான் இருந்துச்சு. அடிவாரத்துலயே வச்சு புளிச்சோறும் கருவாட்டுத் தொக்கும் பிரிச்சோம். கருவாட்டு மணத்துக்குப் பக்கத்து பஸ்ஸுல இருந்த வெள்ளக்காரன் ஒருத்தன் கண்ணாடிய ஏத்திக்கிட்டான். சிரிச்சுக்கிட்டு இருக்கும்போதுதான் பெனோ சாமி வந்தாரு. "செவஸ்தியான், இன்னைக்கி வாசகத்த கிளாடியஸ் வாத்தியாரு வாசிக்கட்டும். அவருக்கு இன்னைக்கி கல்யாண நாளாம். நீரு நாளைக்கி ரோமாபுரியில வாசியும்"னாரு. எல்லாரு முன்னாலயும்.

கிளாடியஸ் வாத்தியாருன்னா எங்க பங்குல பெரிய இவரு. ரிட்டயர்டு தமிழ் வாத்தியாரு. இருபது வருசமா எனக்கும் அவருக்கும் ஆவாது. பாடல்குழுவுல என் தொண்டையக் கொற சொன்ன ஆளு. கல்யாண நாளாம். ஊருல இருக்கவனுக்கெல்லாம் கல்யாண நாளு வரத்தான் செய்யும், அதுக்கு அடுத்தவன் வாசகத்தப் புடுங்குவாவளா? நீங்களே சொல்லுங்க.

எனக்கு ரோஷம் வந்துட்டு. "எனக்கு மூட்டு வலி, நான் மேல வரல, நீங்க போயிட்டு வாங்க"ன்னுட்டேன். கெஞ்சுவாவன்னு நெனச்சேன். ஒருத்தரும் கெஞ்சல. சாமி என் தோள்ல தட்டி, ஓய்வெடும்னுட்டுப் போயிட்டாரு. முப்பத்தியாறு பேரும் படியேறிப் போறாவ. கிளாடியஸ் பொண்டாட்டி பட்டுச்சீல கட்டியிருந்தா.

அப்பத்தான் சட்டப்பையில பின்னு நெஞ்சுல குத்துச்சு. கண்மலரு. அவியள்ல யாருகிட்டயாவது குடுத்து விட்டிருக்கலாம். குடுத்தா, இதுக்காவதான வந்தீரு, ஏறாம என்னத்துக்கு உக்காந்திருக்கீருன்னு கேப்பாவ. அதனால அவிய போயி அரமணி நேரம் கழிச்சு நான் தனியா ஏறுனேன். ஏறுனேன் யம்மா, ஏறாம இல்ல. நூத்தி நாப்பது படி. எண்ணிக்கிட்டே போனேன். உச்சியில ஊரு வாசல். பெரிய வளைவு, இரும்புக் குமிழு அடிச்ச மரக்கதவு, ஒரு கதவு ஆளு ஒசரத்துக்கு ரெண்டு மடங்கு. அதுக்கு அங்கிட்டு ஒரு கல்லுச் சந்து வளைஞ்சு மேல போவுது. சந்து முனையில கோயில் கதவு தொறந்து கெடக்கது தெரியுது. எண்ணி அறுபது எட்டு எடுத்து வச்சா போயிரலாம்.

வாசல்ல ஒரு கெழவி நாற்காலி போட்டு பயறு உரிச்சுக்கிட்டு இருந்தா. எனக்கு மூச்சு வாங்குறதப் பாத்துட்டு உள்ள போயி ஒரு கண்ணாடி டம்ளர்ல தண்ணி கொண்டாந்தா. குடிச்சேன். அவ நாற்காலியக் காட்டி உக்காருன்னா. உக்காந்தேன். அவ பாஷையில என்னமோ சொல்லி, மேல போ, மேல போன்னு கைய காட்டுனா. போறேன்னு தலையாட்டுனேன்.

எந்திரிக்கப் போறேன், அந்நேரம் பாத்து சத்தம் வருது. சாமி இடுப்புல ஒரு சின்ன மைக் செட்டு கட்டியிருப்பாரு, அத வாத்தியாருகிட்ட குடுத்திருக்காரு போல. தெளிவா கிளாடியஸ் கொரலு. என் வாசகம். நான் மதினி முன்னால நின்னு இருபது நாளு வாசிச்ச ஒவ்வொரு சொல்லும் அந்தச் சந்து வழியா எறங்கி வருது. ஒரு 'ழ'வக்கூட முழுங்கல அவரு. என்னால ஒரு எட்டு எடுத்து வைக்க முடியல. உள்ள போனா எல்லாரும் திரும்பிப் பாப்பாவ. வரலன்னு சொன்னவன் வந்துட்டான்னு சிரிப்பாவ. பூசை முடிஞ்சு அவிய எறங்குன பெறவு ஓடிப் போயி வச்சிட்டு வந்துரலாம்னு நெனச்சேன். அவிய எறங்கி வாற சத்தம் கேட்டதும் அவியளுக்கு மின்ன நான் ஓடிட்டேன், கீழ பஸ்ஸுக்கு. பஸ்ஸுல கண்ண மூடித் தூங்குத மாதிரி கெடந்தேன். அந்தக் கெழவி எனக்குப் பின்னால என்னமோ கூப்பிட்டுக்கிட்டே இருந்தா.

அன்னைக்கி இங்க அஞ்சரை மணிக்கு மதினி முழந்தாப்படியிட்டு இருந்தாவ. ஒரு மணி நேரம். எந்திரிக்க முடியாம, பக்கத்து வீட்டுப் பிள்ள வந்து தூக்கி விட்டிருக்கு. இது ஊருக்கு வந்த பெறவுதான் எனக்குத் தெரியும்.

வந்து எறங்குனதும், உக்காருங்க தம்பி, எல்லாம் சொல்லுங்கன்னாவ. காப்பி போட்டு வச்சுக் காத்துக்கிட்டு இருக்காவ. நான் உண்மையச் சொல்லத்தான் போனேன். வாயில வரல. வாசல்னு ஆரம்பிச்சேன், கெழவி தண்ணி குடுத்தான்னேன். "பெறவு?"ன்னாவ. பெறவு ஊருக்குள்ள போனேன்னுட்டேன். நடுவுல ஒரு கெணறு, சுத்திப் புறா. ஒரு மீன்கடையக்கூட வச்சேன். மலை உச்சியில எவன் மீன்கடை போடுவான்? எனக்குத் தெரிஞ்ச கடத்தெரு நம்ம கடத்தெருதான, அதத் தூக்கி அங்க வச்சிட்டேன். வாசகம் நான்தான் வாசிச்சேன்னேன். "'ழ'?"ன்னு கேட்டாவ. சுத்தமா வந்துச்சுன்னேன். அவிய மொகம் பூத்துட்டு.

அதோட நிப்பாட்டியிருக்கலாம். கண்மலரப் பத்திக் கேட்டாவ. அந்த ஊரு சாமியாரு ரெண்டு கையாலயும் வாங்குனாரு, லூசியம்மா கையில செவப்பு நாடாவால கட்டுனாருன்னேன். அப்பவும் மதினி என் மொகத்தயே பாத்துக்கிட்டு இருக்காவ, இன்னும் ஏதோ வேணும்ங்க மாதிரி. எனக்குப் பாவமா இருந்துச்சு. அவியள சந்தோசப்படுத்தணும்னுதான் யம்மா, சத்தியமா அதுக்குத்தான்... "கண்ணப் பத்தி இனிமே கவலப்பட வேண்டாம், லூசியம்மா பாத்துக்கிடுவான்னு அந்தச் சாமியாரு சொல்லச் சொன்னாரு"ன்னுட்டேன்.

கண்மலரு அப்ப என் பெட்டிக்குள்ள பாஸ்போர்ட்டு பையில கெடந்துச்சு. அங்கயேதான் எட்டு மாசமும் கெடந்துச்சு. நம்ம ஊருக் கோயில் எதுலயாவது வச்சிரலாம்னு ரெண்டு தடவ எடுத்தேன். மின்னால நின்னா கை வரல.

அடுத்த வாரம் எங்க தெரு ஜெபக்கூட்டம். மதினி எந்திரிச்சு சாட்சி சொன்னாவ. கெணறு, புறா, மீன்கடை, செவப்பு நாடா, எங்க கொழுந்தன்தான் வாசகம் வாசிச்சாரு, எல்லாத்தயும். யாத்திரைக்கு வந்தவங்கள்ல என்னைய விட்டா அந்தத் தெருவுல இருந்தது கிளாடியஸ் வாத்தியாரும் அவர் பொண்டாட்டியும் மட்டும்தான். எல்லாரும் வாத்தியாரப் பாக்காவ. அவரு என்னையப் பாத்தாரு. பெறவு, "ஆமாம்மா, ரொம்ப நல்லா வாசிச்சாரு"ன்னாரு.

பாத்தியளா திமிர? எல்லாரு முன்னாலயும் எனக்குப் பிச்ச போடுதாரு. அன்னைக்கி அந்த ஆளு மட்டும் 'இல்ல'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா மதினி கண்ணு இன்னைக்கி இப்பிடி ஆயிருக்குமா? அவருக்கும் இதுல பங்கு இருக்கு. சொல்லுங்க, இருக்கா இல்லையா?

சரி, விடுங்க. நீங்க எதுக்குத் தலையக் குனியுதிய.

மதினி மொதல்ல சொட்டு மருந்த நிப்பாட்டுனாவ. கேட்டா, "அவ பாத்துக்கிடுவான்னு சாமியாரே சொல்லிட்டாரே"ன்னாவ. டாக்டரு வரச்சொன்ன தேதிக்கிப் போவல. நான் ரெண்டு தடவ சொல்லிப் பாத்தேன். "நீங்கதான தம்பி மேல ஏறிப் போயிக் குடுத்துட்டு வந்திய, உங்களுக்கே நம்பிக்க இல்லையா?"ன்னு சிரிச்சாவ. போன மாசம் அடுப்புல கொதிக்குத ஒலையில கைய வச்சிட்டாவ. அப்பத்தான் இங்கன இழுத்துட்டு வந்தேன். டாக்டரு என்னைய அந்த ஏச்சு ஏசுனாரு. உடனே ஆப்பரேசன், இல்லன்னா கண்ணு கெடையாதுன்னாரு. மதினி மாட்டவே மாட்டேன்னுட்டாவ. லூசியம்மாகிட்டக் குடுத்த கண்ணுல கத்தி வச்சா அது அவள நம்பாத மாதிரின்னாவ. பெனோ சாமியும் வேற ஊருக்கு மாறிப் போயிட்டாரு, சொல்லிக் கேக்க ஆளு இல்ல. மூணு வாரம் இப்பிடியே போச்சு. டாக்டரு சொன்ன கடைசித் தேதி இன்னைக்கி.

காலையில இங்கன வந்தோம். சும்மா சோதனைக்குத்தான்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தேன், அதுவும் பொய்யி. கையெழுத்துப் பேப்பர நர்ஸம்மா கொண்டாந்ததும் மதினி எந்திரிச்சிட்டாவ, வீட்டுக்குப் போவோம்னு. நான் சட்டப்பையில இருந்து இத எடுத்து அவிய உள்ளங்கையில வச்சேன்.

பெருவெரலால தடவுனாவ. திருப்பி, நகத்தால பின்பக்கம் கீறுன எழுத்தத் தேடுனாவ. கண்டுபிடிச்சிட்டாவ. அழுவாவ, ஏசுவாவன்னு பாத்தேன். கன்னத்துல ரெண்டு அறை விட்டிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்.

"மதினி, நான் உள்ள போவல. வாசலோட திரும்பிட்டேன்"னேன்.

"கெணறு?"ன்னாவ.

"இல்ல மதினி. நான் பாக்கல."

"மீன்கடை?"

"அது நம்ம மார்க்கெட்டு."

"வாசகம்?"

"கிளாடியஸ் வாத்தியாரு."

"சாமியாரு சொன்னது?"

பெறவு அவியளே சொன்னாவ, "கண்ணு மங்க மங்க நான் அந்த ஊருக்குள்ளதான் தம்பி நடந்துக்கிட்டு இருந்தேன். கெணத்துல எறங்கித் தண்ணிகூட மோந்திருக்கேன்." பெறவு, "தண்ணி குடுத்த கெழவி? அவளும் இல்லையா?"

"இருக்கா மதினி. அவ நெசம். சத்தியமா நெசம். தண்ணி குடுத்தா, நாற்காலி குடுத்தா, மேல போ மேல போன்னு கைய காட்டுனா."

"அவ சொல்லியும் போவலையா?"ன்னாவ.

அவ்வளவுதான். பேப்பர எடுங்க, கையெழுத்து எங்கன போடணும்னு வெரல வச்சுக் காட்டுங்கன்னாவ. எங்கிட்ட இல்ல, நர்ஸம்மாகிட்ட. பெறவு நடந்ததுதான் நீங்க பாத்தியளே.

அதனால எனக்கு உங்க மேல கோவம் இல்ல யம்மா. மொதல்ல இருந்துச்சு, இப்ப இல்ல. யாரு எவருன்னு தெரியாத பொம்பளகிட்ட நம்பிக் குடுக்காவ, எங்கிட்ட குடுக்கல. நானா இருந்தாலும் எங்கிட்ட குடுக்க மாட்டேன்.

இருங்க, கதவு தொறக்குது. "எமல்டாம்மா கூட வந்தது யாரு?"ன்னு கேக்காவ. நாந்தான் சிஸ்டர், நாந்தான். முடிஞ்சிட்டா? நல்லபடியாவா? மாதாவே, கோடி நமஸ்காரம். உள்ள வரலாமா?

இல்ல, இல்ல, எங்கிட்ட நீட்டாதீங்க யம்மா. எனக்கு வேண்டாம். நான் ஒரு தடவ கொண்டுபோன ஆளு. அவிய சொன்ன மாதிரி நீங்களே குடுங்க. கண்ணுல கட்டு போட்டிருப்பாவ, ஒண்ணும் தெரியாது. கைய விரிச்சு, உள்ள வச்சு, மூடி விட்டுருங்க. யாரு குடுக்கான்னு கேட்டா பக்கத்து நாற்காலிக்காரின்னு சொல்லுங்க.

நீங்க மின்ன போங்க. நான் பின்னாலயே வாறேன். வாசலோட நின்னுர மாட்டேன்.